காம்சாவும் கட்டம் போட்ட துணியும்: பீபி ரஸ்ஸல் கதை

துண்டு இல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா? காட்டுக்குப் போறவர் தலையில் கட்டுறது, குளிச்சா துவட்டுறது, குழந்தைக்குத் தொட்டிலுக்குள்ள விரிக்கிறது, சந்தையில இருந்து தக்காளி கட்டிட்டு வர்றது, பழசானா கரித்துணி. இத்தனை வேலை செய்யற துணிக்கு நாம கொடுக்கிற மரியாதை என்னவோ கம்மிதான். கடையில "ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டு வாங்குவோமே தவிர, யார் நெய்தது, எந்த ஊர் நூல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தறி இருக்கிற ஊரிலேயே கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்காள தேசத்தில் இதே துண்டுக்குக் காம்சா என்று பெயர். சிவப்பு தூக்கலாக, பச்சையோ மஞ்சளோ கலந்து கட்டம் போட்டிருக்கும். மெல்லிய பருத்தி, சீக்கிரம் காயும். உழவர், படகோட்டி, ரிக்‌ஷா ஓட்டுபவர், மீன்காரர் எல்லார் தோளிலும் அது கிடக்கும். படித்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகமாட்டார்கள். ஏழையின் அடையாளம் என்று நினைப்பு. அந்தத் துணியை உடுப்பாகவும் சேலையாகவும் கழுத்துத் துணியாகவும் மாற்றி, உலகத்துப் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் கொண்டுபோய் வைத்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பீபி ரஸ்ஸல்.

மலருக்கு வரலாற்றுப் பகுதி எழுதச் சொன்னபோது, ராணிகளையும் தலைவர்களையும் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், தறியும் தையலும் சம்பந்தப்பட்ட ஒருத்தரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பீபி ரஸ்ஸல் 1950இல் சிட்டகாங்கில் பிறந்தவர். அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். வளர்ந்தது டாக்காவில். பத்து வயசு வாக்கில் அப்பா ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாராம். நம்மில் பலருக்கு மெஷின் வந்தது கல்யாணத்துக்கு அப்புறம், அதுவும் குழுக்கடனில். அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டுச் சாமானாக வந்தது. வசதியும் படிப்பும் உள்ள குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்து தறிக்குழி ஓரத்தில் உட்காருவதில்லை.

1971இல் போர் நடந்து வங்காள தேசம் தனி நாடானது. நாடு நொறுங்கிக் கிடந்த சமயம். அதற்கு அடுத்த வருஷம் இவர் லண்டன் போய், லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் சேர்ந்தார். 1975இல் படிப்பு முடிந்தது. உடுப்பு வடிவமைப்பு படித்தவரை உயரத்தையும் நடையையும் பார்த்து மாடலாகக் கூப்பிட்டார்கள். வோக், காஸ்மோபாலிடன், ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற பத்திரிகைகளில் படம் வந்தது. ஈவ் செயின்ட் லாரன், கென்சோ, அர்மானி என்று பெரிய வடிவமைப்பாளர்களின் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்தார். இருபது வருஷம் கிட்ட அந்த வாழ்க்கை. 1994இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டாக்கா திரும்பினார். 1995இல் பீபி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார்.

ஏன் திரும்பினார் என்பதைப் புரிந்துகொள்ள, அப்போது அந்த நாட்டில் துணி எந்த நிலையில் இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டாக்கா மஸ்லின் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த ஒருவகைப் பருத்தியிலிருந்து, ஈரக்காற்று இருக்கிற நேரம் பார்த்து நூற்ற இழை. வெள்ளைக்காரன் காலத்து வரியாலும் லங்காஷயர் மில் துணியாலும் அந்தத் தொழில் அழிந்தது. மிஞ்சியது அதன் உறவுக்காரி மாதிரி இருக்கிற ஜாம்தானி. டாக்காவுக்குப் பக்கத்தில் சீதலக்யா ஆற்றை ஒட்டிய ஊர்களில் இன்னும் நெய்கிறார்கள். குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பெரியவர் ஒருத்தர், கூட ஒரு உதவி ஆள். ஊடை ஒவ்வொன்று ஓடியதும் பூவுக்கான தனி நூலைச் சின்ன மூங்கில் குச்சியால் பாவுக்குள் கையாலேயே கோர்ப்பார்கள். வரைபடம் கிடையாது. எத்தனை இழை தள்ளி எடுக்கணும் என்று பெரியவர் வாயால் சொல்லச் சொல்ல, சின்னவர் கோர்க்கணும். நல்ல சேலை ஒன்று மாதக்கணக்கில் ஆகும். 2013இல் யுனெஸ்கோ இந்த நெசவை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால், பீபி திரும்பி வந்த சமயம், நெசவாளர் வீட்டுப் பையன்கள் தறியை விட்டு வேறு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கே போனார்கள்? பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனது ரெடிமேட் உடுப்புத் தொழிற்சாலைகளுக்கு. 1970களின் கடைசியில் சின்னதாக ஆரம்பித்த அந்தத் தொழில், 90களில் நாட்டின் பெரிய ஏற்றுமதியாக வளர்ந்துவிட்டது. இன்றைக்கு ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அதிலிருந்துதான். நாற்பது லட்சம் பேர் கிட்ட வேலை செய்கிறார்கள், அதில் அதிகம் பெண்கள். கிராமத்துப் பெண்ணின் கைக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது அதில்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் தைத்த துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. உள்ளூர்த் தறிக்காரருக்கு அதில் பங்கில்லை. தைக்கிற கை உள்ளூர்க்கை. துணி வெளியூர், வடிவம் வெளியூர், லேபிளும் வெளியூர்.

இங்கேதான் நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி வருகிறது. அந்தத் தொழிற்சாலைகள் இறக்குமதி செய்த துணிகளில் ஒன்று கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி. அதற்கு உலகச் சந்தையில் மெட்ராஸ் செக் என்று பெயர்! ஆமாங்க, நம்ம மெட்ராஸ்தான். நூற்றாண்டுகளாக இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அப்புறம் அமெரிக்காவுக்கும் போன துணி. அமெரிக்காவில் 1950களின் கடைசியில், சாயம் போகிறது என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். வியாபாரிகள் புத்திசாலிகள், "துவைக்கத் துவைக்க நிறம் மாறும், அதுதான் இதன் விசேஷம்" என்று விளம்பரம் போட்டு அதையே விலையேற்றி விற்றார்கள் என்று கதை சொல்வார்கள். நம்ம குழுவில் சாயம் போன நைட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லலாம் என்று எனக்கு ஆசை. நடக்காது.

இந்த மெட்ராஸ் செக்கை இந்தியாவிலிருந்து வாங்குகிறோமே, நம்ம நாட்டிலும் லட்சக்கணக்கில் கைத்தறி சும்மா கிடக்கிறதே என்று யோசித்தவர்கள் கிராமின் வங்கிக்காரர்கள். கிராமின் வங்கியை நம் சகோதரிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1976இல் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டாலர் கடன் கொடுத்ததில் தொடங்கி, 1983இல் வங்கியாகி, 2006இல் நோபல் அமைதிப் பரிசு வரை போனது. நாம 1989இல் தருமபுரியில் தொடங்கின மகளிர் குழுத் திட்டத்தின் வழியில் வந்தவர்கள். அவர்கள் முறை வேறு, நம்ம முறை வேறு. ஆனாலும் ஐந்து பேர், பத்து பேர் சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேற்று கடன் வாங்கித் திருப்பிக் கட்டுவது என்ற அடிப்படை இருவருக்கும் ஒன்றுதான்.

அந்த வங்கியில் கடன் வாங்கிய குடும்பங்களில் நெசவாளர்கள் நிறைய. கடன் கிடைத்தது, நூல் வாங்கினார்கள், நெய்தார்கள். விற்கத்தான் ஆளில்லை. 1993 வாக்கில் அவர்களை வைத்தே கட்டத் துணி நெய்ய வைத்து, அதற்குக் கிராமின் செக் என்று பெயர் வைத்தார்கள். கடன் கொடுக்கிறவரே சந்தையையும் பார்த்தால்தான் ஆகும் என்று அவர்களுக்குப் புரிந்த இடம் இது. எனக்கு அவர்கள் வரலாற்றிலேயே பிடித்த கட்டம் இதுதான். (கட்டம் என்று தெரியாமல் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

துணி நெய்தாகிவிட்டது. ஆனால் அதை வெளிநாட்டில் யார் பார்ப்பார்கள்? அதற்குப் பீபி ரஸ்ஸல் வேண்டியிருந்தது. 1996இல் பாரீஸில், யுனெஸ்கோ ஆதரவோடு, வங்காள தேசத்து நெசவாளர்களின் பெயரிலேயே ஓர் உடுப்புக் காட்சி நடத்தினார். அப்போது யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராக இருந்த ஃபெடரிகோ மேயர் துணை நின்றார். கிராமத்துத் தறியில் நெய்த துணியை உலகத்து மாடல்கள் உடுத்திக்கொண்டு நடந்தார்கள். இருபது வருஷம் மற்றவர்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்த பெண், தன் ஊர்த் துணியை மற்றவர்கள் போட்டுக்கொண்டு நடக்கும்படி செய்தார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். கைத்தறித் துணியை மேடையேற்றியவர்கள் முன்னும் உண்டு. பீபி செய்த வேலையில் எனக்குத் தெரிகிற வித்தியாசம் இரண்டு.

விலை உயர்ந்த ஜாம்தானியோடு அவர் நின்றுவிடவில்லை. எல்லாரும் மட்டமாகப் பார்த்த காம்சாவையும் எடுத்தார். அதன் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களை மங்க வைத்து "நாகரிகமாக" ஆக்கவில்லை. அந்தப் பளீர் நிறத்தோடுதான் சட்டையும் பாவாடையும் சேலையும் செய்தார். குளத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஆகாயத்தாமரைத் தண்டில் வளையல், தேங்காய்ச் சிரட்டையில் பித்தான், டாக்கா ரிக்‌ஷாவின் பின்பலகையில் வரைகிற ஓவியக்காரர்களைக் கொண்டு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் படம். (அந்த ரிக்‌ஷா ஓவியமும் 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.) கையில் இருக்கிறதைப் பார்க்கிற கண் அது. நம்ம ஊர்க் குளத்து ஆகாயத்தாமரையை எடுக்கச் சொல்லி எத்தனை கிராமசபையில் மனு கொடுத்திருப்போம், வளையல் செய்யலாம் என்று யாருக்காவது தோன்றியதா?

அடுத்தது, நெசவாளியிடம் போய் "உன் நெசவை மாற்று" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு நிறத்தையும் அளவையும் பயன்பாட்டையும் மாற்றினார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், புது டிசைன் என்றால் அச்சு மாற்றணும், விழுது மாற்றணும், பாவு புதுசாக ஓட்டணும். அந்த நாள்களுக்கெல்லாம் கூலி யார் தருவது? பயிற்சி கொடுக்க வருகிற பல பேர் இதைக் கேட்பதே இல்லை. துண்டு நெய்கிற தறியிலேயே துண்டுக் கட்டத்தை நெய்யவிட்டு, அந்தத் துணியை வெட்டுகிற இடத்தில் மாற்றம் செய்தால் நெய்கிறவருக்கு நஷ்டம் இல்லை. மாற்றத்தின் செலவை வடிவமைப்பாளர் ஏற்றுக்கொள்கிறார்.

2001இல் யுனெஸ்கோ அவருக்கு அமைதிக் கலைஞர் என்ற பட்டம் கொடுத்தது. 2010இல் லாலன் ஃபகீர் வாழ்க்கையைச் சொன்ன ‘மொனேர் மானுஷ்’ படத்துக்கு உடை வடிவமைத்தார். 2015இல் வங்காள தேச அரசின் பேகம் ரொக்கையா விருது வந்தது. பெண் கல்விக்காகப் போராடிய ரொக்கையாவின் பெயரில் பெண்களுக்கு வழங்குகிற விருது அது. நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். ராஜஸ்தான் அரசு அழைத்து, அங்கே காதி, கோட்டா டோரியா நெய்கிறவர்களோடு வேலை செய்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு இருக்கிற சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கம் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே உடுப்புத் தொழிற்சாலைகள். 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, வேலைக்கு வரச் சொன்னார்கள், வந்தார்கள். பீபி காட்டிய வழி நல்ல வழிதான், ஆனால் அது சின்ன வழி. நாற்பது லட்சம் பேருக்குச் சோறு போடுகிற தொழில் வேறு விதமாகத்தான் ஓடுகிறது. ஒரு வடிவமைப்பாளரின் கைத்தறி அதை மாற்றவில்லை. மாற்றும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்தச் சாவுகளுக்கு அப்புறம் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. அதற்குத் தொழிற்சங்கங்களும், அந்தச் செய்தியைப் பார்த்துக் கொதித்த உலகத்து மக்களும் காரணம்.

இன்னொன்று பெயர். பீபி ரஸ்ஸல் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. பாரீஸ் மேடையில் நடந்த துணியை நெய்த ஒருத்தர் பெயராவது இந்தக் கட்டுரையில் இருக்கிறதா? இல்லை. நான் எவ்வளவு தேடிப் படித்தும் என் கைக்கு அகப்படவில்லை. அது அவர் குற்றம் என்று சொல்லவில்லை. அவர் அந்தக் காட்சிக்குத் தன் பெயரை முன்னால் வைக்காமல் நெசவாளர்களை முன்னால் வைத்தார், அதுவே பெரிசு. இருந்தாலும் ‘நெசவாளர்கள்’ என்று மொத்தமாகச் சொல்வதும் ஒருத்தியின் பெயரைச் சொல்வதும் ஒன்றில்லை. தீர்மான நோட்டில் ‘உறுப்பினர்கள் கலந்துகொண்டனர்’ என்று எழுதிவிட்டு கையெழுத்து வாங்காமல் விட்டால் நாம ஒத்துக்கொள்வோமா?

முதலில் சொன்ன அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் முன்னால் நம்ம கூட்டமைப்பில் ஒரு வியாபாரியின் ஆர்டரை எடுத்து 600 துணிப்பை தைத்தோம். துணி அவருடையது, அளவு அவருடையது, மேலே அச்சடித்த பெயரும் அவருடையது. பாதிப் பணத்துக்கு மேல் இன்னும் வரவில்லை. கடன் தவணையை நாமதான் கையிலிருந்து போட்டுக் கட்டினோம். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு அக்கா, "நம்ம கை மட்டும்தான் இதுல நம்மளது" என்றார். டாக்கா தொழிற்சாலைகளைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது.

நம்மிடம் தறி இருக்கிறது. சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் நம்ம மாவட்டத்தில்தான். 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று இப்போதும் 11 ரகங்கள் இருக்கின்றன. அதில் சேலை, வேட்டி, ஜமுக்காளத்தோடு துண்டும் உண்டு. சட்டத்தில் காம்சா என்ற சொல்லே இருக்கிறது, பாருங்கள். விசைத்தறியில் அதை நெய்யக்கூடாது. நெய்கிறார்களா இல்லையா என்பது நம் எல்லாருக்கும் தெரியும், அதை மலரில் எழுதி யார் வாயிலும் விழ வேண்டாம்.

சென்ற தை மாதத்திலிருந்து நான்கு வீட்டுத் தறியில் கட்டத் துண்டு நெய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதே துண்டு, அதே அச்சு. நிறம் மட்டும் நம்ம பெண்களே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. மஞ்சள் காட்டு மஞ்சளும், செம்மண் சிவப்பும், இளசான கரும்புத் தோகைப் பச்சையும். அந்தத் துணியில் தையல் குழு சட்டை, சின்னப் பிள்ளை கவுன், தோள்பை தைத்திருக்கிறது. பூமாலை வளாகக் கண்காட்சியில் பைகள் முதல் நாளே தீர்ந்தன. சட்டை அவ்வளவாகப் போகவில்லை. துண்டுத் துணியில சட்டையா என்று இரண்டு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். காம்சாவைப் பார்த்து டாக்காக்காரர்களும் முதலில் அப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று தையல் குழுவிடம் சொன்னேன். "அவங்க பாரீஸ் போயிட்டு வந்து காட்டினாங்க, நாம ஈரோடு வரைக்கும்தானே போயிருக்கோம்" என்று பதில் வந்தது.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் நெய்தவர் பெயரும் ஊரும் போட்ட சின்னத் துணிச்சீட்டு ஒன்று தைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. சீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டு ரூபாய் செலவு கூடும் என்கிறார் பொருளாளர். நெய்கிற நான்கு பேரில் ஒருத்தர், பெயர் போட்டால் கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி பார்த்துவிட்டு பாவு தரமாட்டாரோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைத்திருக்கிறோம், நான்கு பேரும் கட்டாயம் வர வேண்டும்.